மழையில கரையல

பெட்டியை இதுக்கு மேல நகத்த முடியாதும்மா. கால்ல இடிக்குதுன்னா நீ ஜன்னலோரம் வந்துடு, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். கண்டக்டர் கீழ டிக்கியில போடச் சொல்றார். போட்டா என்ன ஆகும்? இந்த பஸ் குதிக்கற குதிக்கு, அழுத்தி வச்ச பவுடரெல்லாம் சேலம் போறதுக்குள்ள நொறுங்கிப் போயிடும். அவருக்கென்ன, டிக்கெட் கிழிச்சுட்டுப் போயிடுவார்.

நீ என்னை மூணு தடவை திரும்பிப் பாத்துட்ட. பாத்துட்டு உன் போனைப் பாத்த. நான் கவனிக்கலன்னு நினைக்காத. கேக்கணும்னா கேட்டுடும்மா. ஆமா, நான்தான். அந்த வீடியோல கதவுக்குப் பின்னாடி கையில பஞ்சை வச்சுக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கற பொம்பளை நான்தான். பேரு வளர்மதி. கும்பகோணத்துல வளர் பிரைடல் ஸ்டுடியோ. பத்தொம்பது வருஷமா கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடறேன்.

பதினோரு செகண்டு வீடியோ. பொண்ணு மூஞ்சியில பாதி ஒரு கலர், மீதிப் பாதி ஒரு கலர். மேல எழுதியிருக்கான், 'மழையில் கரைந்த மேக்கப், மாப்பிள்ளை எஸ்கேப்'னு. மாப்பிள்ளை எஸ்கேப் ஆகல. மேக்கப்பும் கரையல. ஒரே வரியில ரெண்டு பொய்.

கரையலம்மா. நான் போட்டது கரையாது. உனக்குச் சந்தேகமா இருந்தா அடுத்த ஸ்டாப்புல இறங்கி, ஒரு பக்கெட் தண்ணி வாங்கிட்டு வா. உன் மூஞ்சியில போட்டுக் காட்டறேன்.

சிரிக்காத. நான் நிஜமாத்தான் சொல்றேன்.

எங்கிட்ட வர்றவங்க எல்லாம் ஏன் வர்றாங்க தெரியுமா? ஏசி மண்டபத்துல கல்யாணம் பண்றவங்களுக்கு யார் வேணா போடலாம். இப்ப எல்லாரும் ஊரை விட்டு வெளியில போறாங்க. கடற்கரைங்கறாங்க, மலைங்கறாங்க, தோப்புங்கறாங்க. மேல கூரை கிடையாது. போட்டோவுக்கு வானம் தெரியணுமாம். அப்ப வெயில் அடிக்கும், காத்து வீசும், வேர்க்கும். எல்லாத்துக்கும் தாங்கணும்ல? அதுக்குத்தான் வளர்மதி.

உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகலயா. அப்ப கேட்டுக்க, பின்னாடி உதவும். மூஞ்சியில முதல்ல வேர்க்கிற இடம் மூணு. மூக்கு நுனி, மேலுதடு, நெத்தி ஓரம். அந்த மூணு இடத்துல எவ்வளவு கம்மியா போடறியோ அவ்வளவு நேரம் நிக்கும். எல்லாரும் அங்கதான் அப்புவாங்க. மெல்லிசா ஒண்ணு போட்டு, காயவிட்டு, பவுடரை ஒத்தி, அதுக்கு மேல இன்னொண்ணு போடணும். தேய்க்கவே கூடாது. தலைக்கு முந்தின நாளே குளிச்சுடணும். அன்னிக்கே குளிச்சா முடி வழவழன்னு நிக்கும், பின் எல்லாம் நழுவும். கடல் காத்துன்னா சவுரியை ஊசிநூல் வச்சுத் தச்சுடுவேன். ஆமா, முடியோட முடியா சேத்துத் தைக்கறதுதான். புயலே அடிச்சாலும் ஜடை ஜடையா இருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன்.

அந்தப் பொண்ணு பேரு இலக்கியா. மீன்வளத் துறையில வேலை. படகுல போயி, கடல் தண்ணியை எடுத்து வந்து பரிசோதனை பண்ற வேலை. மாப்பிள்ளை நவநீதனும் அதே ஆபீஸ். அந்தப் படகுலயே பழகி, அங்கயே முடிவு பண்ணினது. அதனாலதான் கல்யாணமும் கடல் பக்கத்துலயே வேணும்னு ரெண்டு பேரும் ஒத்தைக் கால்ல நின்னாங்க. தரங்கம்பாடி பக்கத்துல ஒரு ரிசார்ட். ஐப்பசி மாசம். ஐப்பசியில கடற்கரையில கல்யாணம்! ஷாமியானா போடலாம்னா, மேடை போட்ட ஆளு கடல் மறையுதுங்கறான்.

எனக்கு போன் பண்ணினது பொண்ணோட அம்மா. உமாராணி. ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்காரர் இல்ல, ஒரே பொண்ணு. 'மழை வந்தாலும் நிக்குமா'ன்னு கேட்டாங்க. 'மழையென்னம்மா, பொண்ணைக் கடல்லயே இறக்குங்க'ன்னேன்.

டிரையல் பாக்க ரெண்டு பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. பொண்ணு நாற்காலியில உக்காந்ததும் முதல் வார்த்தையே, "அக்கா, என் கலர்லயே போடுங்க"ன்னு சொல்லிச்சு.

அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு, கண்ணாடியில என்னைப் பாத்து ரெண்டு விரலைக் காட்டினாங்க. ரெண்டு ஷேட் ஏத்தி வெளுப்பா போடுங்கன்னு அர்த்தம்.

நான் பொண்ணுகிட்ட "சரிடா தங்கம்"னேன். அம்மாகிட்டயும் தலையாட்டினேன். ரெண்டு ஏத்தினேன்.

என்ன அப்படிப் பாக்கற? நான் கலர் பாக்குறவ இல்லம்மா. என் கலரைப் பாரு, நான் எதுக்குக் கலர் பாக்கப் போறேன்? போட்டோல எடுப்பா இருக்கணும்னு எல்லாரும் ஏத்தத்தான் சொல்லுவாங்க. அந்த அம்மாவுக்கும் காரணம் இருந்துச்சு. பொண்ணு மூஞ்சி கழுவிட்டு வரப் போனப்ப என்கிட்ட தனியா சொன்னாங்க. இதுக்கு முன்னாடி நாலு இடத்துல பொண்ணு பாத்துட்டுப் போயி, 'கலர் கொஞ்சம் கம்மி'ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. நாலாவது ஆளு பஜ்ஜி சாப்பிட்டுட்டு, பொண்ணு காதுல விழறாப்லயே சொல்லியிருக்கான். 'இப்ப இந்த சம்பந்தி வேதவல்லியம்மாவும் நிச்சயத்தப்ப இழுத்தாங்க. வெயில்ல அலையறாளே, அதான் இப்படி இருக்கான்னு நானா சொல்லி சமாளிச்சேன். அன்னிக்குக் கோயம்புத்தூர்ல இருந்து ஊரே வரும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்லாம இருக்கட்டும்'னு சொன்னாங்க. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. அதுக்கு மேல நான் என்ன பண்றது?

டிரையல் முடிஞ்சதும் டேபிள் ஃபேனை ஃபுல்லா வச்சேன். செடிக்குத் தண்ணி அடிக்கற பம்பை எடுத்து, பொண்ணு மூஞ்சியிலயே பத்து நிமிஷம் அடிச்சேன். அசையணுமே? ஒரு சொட்டு கலங்கல. நெத்திச்சுட்டி கூட நகரல. அந்தப் பொண்ணு கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அழகா இருக்குக்கா. யாரு இது?"ன்னு கேட்டுச்சு.

நல்லா போட்டா எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் கேக்கும். எங்க தொழில்ல அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நான் கூட அன்னிக்கு ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு முகூர்த்தம் பத்தரைக்கு மேல. காலையில ஆறு மணிக்கு உக்கார வச்சேன். மூஞ்சிக்கு மட்டும் ஏத்தினா போதாது, கழுத்து, காது மடல், முதுகு, கை, எல்லாத்துக்கும் போடணும். இல்லன்னா தலை ஒருத்தி, உடம்பு ஒருத்தியா இருக்கும். ஜடையைத் தச்சேன். பூவை மொட்டாவே கட்டச் சொல்லியிருந்தேன், விரிஞ்ச பூன்னா காத்து உதுத்துடும். ஒம்பது மணிக்கு எழுந்து நின்னா பாரு, என் கண்ணே பட்டுடும் போல இருந்துச்சு. உமாராணியம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

ஒம்பதரைக்கு மாப்பிள்ளையோட போட்டோ எடுக்கறதுக்கு மணல்ல இறக்கினாங்க. ரெண்டு வீட்டு ஆளுங்களும் சுத்தி நிக்கறாங்க. தூறலே இல்லம்மா. வானம் கொஞ்சம் இருட்டுச்சு, அவ்வளவுதான். அப்படியே கொட்டிச்சு. மேடை போட்டவன் ஓடறான், கேமராக்காரன் கேமராவைச் சட்டைக்குள்ள சுருட்டிக்கிட்டு ஓடறான், நாதஸ்வரக்காரங்க நாற்காலியைத் தலையில கவுத்துக்கிட்டு ஓடறாங்க. பொண்ணு பட்டுப்புடவையோட ஓட முடியல. மணல்ல கால் புதையுது. நடந்தே வந்துச்சு. முழுசா நனைஞ்சு, அந்த ரிசார்ட் வராந்தாவுல வந்து ஏறிச்சு.

அங்க எல்லாரும் ஒண்டிக்கிட்டு நிக்கறாங்க. அத்தனை பேரும் அந்தப் பொண்ணு மூஞ்சியையே பாக்கறாங்க. எனக்குத் தெரியாதா என்ன பாக்கறாங்கன்னு? இப்ப கரையும், இப்ப வழியும்னு பாக்கறாங்க. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தங்க கைக்குட்டையை எடுத்து, 'ஐயோ நனைஞ்சுட்டியே கண்ணு'ன்னு பாசமா கன்னத்துல ஒத்தறாங்க. ஒத்திட்டு கைக்குட்டையைத் திருப்பிப் பாத்தாங்க! நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். கைக்குட்டை வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு பொட்டு ஒட்டல.

பத்தொம்பது வருஷத்துல என் வேலைக்கு அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் வேதவல்லியம்மா, மாப்பிள்ளையோட அம்மா, பக்கத்துல வந்தாங்க. பொண்ணு தாடையைப் பிடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாங்க. அவங்க மூஞ்சி மலர்ந்துடுச்சு. "நாந்தான் கண்ணு தப்பா நினைச்சுப்போட்டேன். இத்தனை மழையிலயும் அப்படியே இருக்குதே, இதுதான் உன் நிஜக் கலரு. மூணு வாரம் லீவு போட்டு வீட்டுல இருந்ததுக்கே எப்படித் தெளிஞ்சிருக்குது பாருங்க. எல்லாம் அந்தப் படகு வெயிலு பண்ணின வேலை"ன்னு சுத்தி இருந்தவங்ககிட்ட சொன்னாங்க. சொல்லிட்டு உமாராணியம்மா பக்கம் திரும்பி, "இனி அந்தக் கடல் வேலையெல்லாம் வேண்டாங்க சம்பந்தி. ஆபீஸ்லயே உக்காந்து பாக்கற வேலையா மாத்தி வாங்கிக்கட்டும். இல்லாட்டி விட்டுப்போடட்டுமே, என்னங்க?"ன்னாங்க.

உமாராணியம்மா சிரிச்ச முகமா, "ஆகட்டுங்க. அப்படியே பண்ணிடலாம்"னாங்க.

நான் அதையெல்லாம் காதுல சரியா வாங்கல. நான் அந்தக் கைக்குட்டையையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

பொண்ணு என் மணிக்கட்டைப் பிடிச்சுச்சு. "அக்கா, ரூமுக்கு வாங்க. புடவை மாத்தணும்." சரிதானேன்னு போனேன். உள்ள போனதும் கதவைத் தாழ் போட்டுச்சு. புடவையை மாத்தல. கண்ணாடி முன்னாடி உக்காந்துச்சு.

"இதை எப்படிக்கா எடுக்கறது?"

"எதை?"

"இதை"ன்னு மூஞ்சியைக் காட்டுச்சு.

"ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சதும் நானே வந்து எடுத்துவிடறேன்டா"ன்னேன்.

"இப்ப."

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கு. மூணு மணி நேர வேலை. "உனக்கென்ன பைத்தியமா? மழையிலயே நின்ன மேக்கப்பு. ஊரே வாயடைச்சுப் போயி நிக்குது"ன்னு கத்தினேன்.

"அதனாலதான்கா. கரைஞ்சிருந்தா பரவாயில்ல. கரையலையே. அவங்க நம்பிட்டாங்க"ன்னுச்சு. "நாளைக்குக் காலையில நான் மூஞ்சி கழுவணும். கழுவினா கறுப்பாத்தான் இருப்பேன். அப்ப கடலாலதான் இப்படி ஆச்சும்பாங்க. என்னை இறங்கவே விடமாட்டாங்க. என் கலருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லக்கா. நான் பொறக்கும்போதே இந்தக் கலருதான்."

"அதை நாளைக்குச் சொல்லிக்கயேன். தாலி கட்டினப்புறம் சொல்லிக்கயேன்."

"தாலி கட்டினப்புறம் சொன்னா அது ஏமாத்தினதா ஆகும். இப்ப சொன்னா ஆகாது."

படிச்ச பொண்ணு. ஆனா நான் குடுக்கலம்மா. அதை நல்லா கேட்டுக்க. மேக்கப்பை எடுக்கற எண்ணெயை நான் எடுத்துக் குடுக்கல. அவ பாத்ரூமுக்குள்ள போயி சோப்பைப் போட்டு மூஞ்சியைத் தேய்க்க ஆரம்பிச்சா. சோப்புக்கு அது அசையுமா? நான் போட்டது! தேய்க்கறா, தேய்க்கறா, கன்னம் செவந்துபோச்சு. தோல் உரிஞ்சுடும் போல இருக்கு. பாத்துக்கிட்டு எப்படி நிக்கறது? "ஏய், அப்படித் தேய்க்காதே, புண்ணாயிடும். ஈரத்துல எண்ணெய் பிடிக்காது. முதல்ல துடை. அப்புறம் எண்ணெயை வச்சு, ரெண்டு நிமிஷம் ஊறவிட்டு, பஞ்சால கீழேருந்து மேல எடுக்கணும்"னேன். வாயால சொன்னேன், அவ்வளவுதான்.

என் பெட்டியில தேங்காய் எண்ணெய் எப்பவும் இருக்கும். அவளாத்தான் எடுத்தா. கண்ணு கிட்ட மட்டும் நான் துடைச்சேன், மை உள்ள போச்சுன்னா எரியும்ல. அப்புறம் காது மடல், அவளுக்குத் தெரியாது. அப்புறம் வலது கன்னம். கழுத்து. சரி, முக்காவாசி நான்தான் எடுத்தேன்னு வச்சுக்கயேன். அதுக்காக நான் சம்மதிச்சேன்னு அர்த்தமில்ல. அரைகுறையா எடுத்துட்டு அந்தப் பொண்ணு மேடையில போய் உக்காந்தா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே?

வலது பக்கம் முடிஞ்சு, இடது பக்கத்துக்கு எண்ணெய் வைக்கப் போறேன். கதவை டமடமன்னு தட்டறாங்க. உமாராணியம்மா. பொண்ணு எழுந்து போயி திறந்துடுச்சு. நான் திறக்காதேன்னுதான் சொன்னேன். திறந்தா அம்மா மட்டும் இல்ல, பின்னாடி நாலஞ்சு பேர். அதுல எந்தக் கையில போன் இருந்துச்சோ தெரியல. அந்தப் பதினோரு செகண்டு அதுதான். நல்லா பாரு வீடியோவை. ஒரு பக்கம் பளிச்சுன்னு இருக்கு, இன்னொரு பக்கம் பளபளன்னு எண்ணெய் மின்னுது. நடுவுல கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். மழையில கரைஞ்சா அப்படியா கரையும்? மழை என்ன ஸ்கேல் வச்சா கரைக்கும்? கூறு உள்ளவங்க யோசிக்க வேணாமா?

அம்மா உள்ள வந்து கதவைச் சாத்திட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்துட்டாங்க. "என்னடி பண்ணிட்ட"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. பொண்ணு பக்கத்துல போயி நின்னு, "நாலு பேர் சொன்னப்பவும் நான் அழலம்மா. நீதான் அழுத. இன்னிக்கும் நான் அழ மாட்டேன்"னுச்சு. அந்த அம்மா எழுந்து வெளியில போயிட்டாங்க. நான் இடது பக்கத்தையும், கை, முதுகையும் எடுத்து முடிச்சேன்.

மூஞ்சியை ஒத்தித் துடைச்சதும், "லேசா என் கலர்லயே ஏதாவது போட்டுவிடுங்கக்கா, வெறுமையா இருக்கு"ன்னு கேட்டுச்சு. நியாயம்தானே. பெட்டியைத் திறந்தேன். பதினாலு ஷேட் வச்சிருக்கேன்மா. வரிசையா எடுத்து அவ கன்னத்துல வச்சு வச்சுப் பாக்கறேன். ஒண்ணும் சேரல. எல்லாமே மேலதான் இருக்கு. ஏஜென்சிக்காரன் அனுப்பறதில்ல, நான் என்ன பண்றது. கேட்டாத்தான் அனுப்புவான், கேக்கறதுக்கு யார் கேட்டா? என் கலருக்கே அதுல ஒண்ணு இல்ல. எனக்கு நான் என்ன போட்டுக்கறேன்னு அப்பத்தான் யோசிச்சேன். இருக்கறதுல ஒண்ணை எடுத்து அப்பிக்கிட்டுப் போறதுதான். விடு, அது ஸ்டாக் விஷயம். இப்ப வாங்கிட்டேன்.

மை மட்டும் இழுத்துவிட்டேன். ஒரு பொட்டு. உதட்டுக்குக் கொஞ்சம். அஞ்சு நிமிஷ வேலை. ஈரப் புடவையையும் மாத்திக்கிச்சு. ஜடையை நான் தொடல, தொட வேண்டிய அவசியமே இல்ல. அத்தனை மழைக்கும் ஒரு பின் நகரல. அந்த ஜடையைப் பத்தி வீடியோல ஒருத்தன் ஒரு வார்த்தை எழுதல பாரு.

மழை விட்டிருந்துச்சு. மேடையைத் துடைச்சு, ஈர மணைமேல துண்டை விரிச்சு வச்சிருந்தாங்க. பொண்ணு நடந்து வருது. முதல்ல பின்வரிசையில பேச்சு நின்னுச்சு, அப்புறம் முன்வரிசையில. மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து பாத்து, "வந்துட்டியா, வா"ன்னான். படகுல தினம் பாக்கற மூஞ்சிதானே, அவனுக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரிஞ்சிருக்காது.

கைக்குட்டை வச்சிருந்தாங்களே, அந்த அத்தை, சத்தமா கேட்டாங்க. "என்னுங்க இது, கரைஞ்சு போச்சுங்களா?"

உமாராணியம்மா எழுந்து நின்னாங்க. பாவம், முகம் வெளிறிப்போயிருந்துச்சு. "ஆமாங்க. மழையில கரைஞ்சுடுச்சுங்க. மேக்கப் போட்டவ ஏமாத்திட்டா. மட்டமான சாமானைப் போட்டிருக்கா"ன்னாங்க.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! முந்நூறு பேருக்கு நடுவுல. நான் மேடைக்குப் பின்னாடி பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். சும்மா இருந்திருக்கலாம்னு பின்னாடி எத்தனையோ பேர் சொன்னாங்க. பொண்ணு வீட்டு விஷயம், வாயை மூடிக்கிட்டு கெட்ட பேரை வாங்கிக்கிட்டு வந்திருக்கலாமாம். ஏன் வாங்கணும்? எதுக்கு வாங்கணும்?

மேடைக்கு முன்னாடி வந்து கத்தினேன். "கரையலைங்க! யாரும் பொய் சொல்லாதீங்க! நான் போட்டது கரையாது. பொண்ணு எண்ணெய் போட்டு எடுத்துடுச்சு. இதுதான் அதோட கலரு. நீங்க மழையில பாத்தது நான் ரெண்டு ஷேட் ஏத்திப் போட்டது. வேணும்னா இப்ப யாராவது வந்து உக்காருங்க, போட்டுக் காட்டறேன்!"

சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னேன்னே எனக்கு விளங்குச்சு. ஐயர் மந்திரத்தை நிறுத்திட்டார். உமாராணியம்மா முகத்தை என்னால பாக்க முடியல. பொண்ணு என்னைப் பாத்துச்சு. முறைக்கும்னு நினைச்சேன். சிரிச்சுச்சும்மா. சிரிப்பை அடக்க முடியாம உதட்டைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. எதுக்குச் சிரிச்சுச்சுன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல.

வேதவல்லியம்மா மேடைக்குப் பக்கத்துல வந்தாங்க. "நீயாவா எடுத்த?"

"ஆமாங்க அத்தை."

"எதுக்கு?"

"நீங்க மழையில பாத்து சந்தோஷப்பட்டது என் மூஞ்சி இல்ல. உக்கார்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்னு நினைச்சேன். படகு வேலையையும் நான் விடமாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அந்த அம்மா மகனைப் பாத்தாங்க. அவன், "எனக்கு எல்லாம் தெரியும்மா. நீதான் எங்கிட்ட கேக்கவே இல்ல"ன்னான். கட்டிப்பிடிச்சு அழுதாங்க, மருமகளே மகளேன்னாங்கன்னு நான் சொன்னா அது பொய். "சரி, உக்காரு. நேரமாகுது"ன்னாங்க. திரும்பிப் போயி நாற்காலியில உக்காந்தாங்க. தாலி கட்டி முடியற வரைக்கும் சிரிக்கல. ஆனா எழுந்தும் போகல.

பந்தியில என் இலைக்கு முன்னாடி வந்து நின்னாங்க. "நீ போட்டதை நம்பி நான் அத்தனை பேர் முன்னாடி பேசிப்போட்டேன். என்னைய முட்டாளாக்கிட்ட"ன்னாங்க. "அப்ப என் வேலை சரியாத்தானே இருந்திருக்கு"ன்னேன். வேற என்ன சொல்றது? நான் சொன்னதுல என்னம்மா தப்பு?

அன்னிக்கு சாயந்திரமே வீடியோ வந்துடுச்சு. அடுத்த மாசம் புக் பண்ணியிருந்த நாலு பேர் கேன்சல் பண்ணாங்க. ஒருத்தி போன்லயே கேக்கறா, 'அக்கா, உங்க மேக்கப் மழையில பாதி பாதியா கரையுமாமே'ன்னு. பாதி பாதியா! உமாராணியம்மா மூணு மாசம் பொண்ணோட பேசல. இப்ப பேசறாங்களாம். ஆனா சொந்தக்காரங்க கேட்டா இன்னமும் மழையில கரைஞ்சுடுச்சுன்னுதான் சொல்றாங்களாம்.

இலக்கியா போன மாசம் போன் பண்ணினா. பின்னாடி மோட்டார் சத்தம் கேக்குது, படகுல இருந்து பேசறா. மாமியார் எப்படின்னேன். "இருக்காங்கக்கா. தொப்பி வாங்கி அனுப்பியிருக்காங்க, அகலமா, கூடை மாதிரி. போட்டுக்கிட்டா எதிர்ல வர்ற படகு தெரிய மாட்டேங்குது"ன்னு சிரிக்கறா. அப்புறம், "என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு. நானே ஒரு வீடியோ போட்டு நடந்ததைச் சொல்லிடறேன்"னா.

வேணாம்னுட்டேன். ஏன்னு கேட்டா. என் வேலைக்கு யார் சர்டிபிகேட்டும் தேவையில்லன்னேன். அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. அதோட, இவ ஒண்ணு போடுவா, அப்புறம் உமாராணியம்மா பொய் சொன்னாங்கன்னு ஊரே அவங்களைப் பிடிச்சுக்கும். ரிட்டயரான டீச்சர், தெருவுல நடக்க வேணாமா? நான் மட்டமான சாமானைப் போட்டேன்னு சொன்னவங்கதான். சொல்லட்டும். எனக்கென்ன, என் பெட்டியில இருக்கறது எனக்குத் தெரியும்.

வேடிக்கை என்னன்னா, இப்ப புதுசா போன் வருது. 'அக்கா, அந்த வீடியோல இருக்கற வலது பக்கம் மாதிரி எனக்குப் போடுங்க'ன்னு கேக்கறாளுங்க. 'அடியே, அது மேக்கப்பே இல்ல, அது வெறும் தேங்காய் எண்ணெய்டீ'ன்னா கேக்க மாட்டேங்கறாளுங்க. இப்ப போறது கூட அப்படி ஒருத்திக்குத்தான். ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்கு நடுவுல மேடை. பனி, சாரல், எல்லாம் இருக்கும். போட்டதே தெரியக்கூடாது, ஆனா நாள் பூரா நிக்கணும். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஏத்திப் போடறது ரொம்ப சுலபம். உள்ளதை உள்ளபடி போடறதுதான்...

இரு, போன் அடிக்குது. ஏற்காட்டுப் பொண்ணோட அம்மாதான்.

சொல்லுங்கம்மா. வந்துக்கிட்டே இருக்கேன், முசிறி தாண்டிட்டோம். ஆமா... ஆமா... சரிங்கம்மா, பொண்ணுக்குத் தெரியாம... ஒரு ஷேட்டா? ஒண்ணே ஒண்ணுதான், புரியுது. புரியுதும்மா, போட்டோவுக்குத்தான்.

அம்மா, ஒரு நிமிஷம். பொண்ணு பக்கத்துல இருக்காளா? அவகிட்ட போனைக் குடுங்க. இல்ல, இல்ல, கோவமெல்லாம் இல்ல. நான் பேசணும். குடுங்கம்மா.